பிரான்சின் பூர்கோஞ் கால்வாயோரம் சைக்கிளில் போனவர்களே, இன்னும் மனதைவிட்டுப் போகாத சந்திப்பு ஒன்றைச் சொல்லுங்கள்

பாரிஸ்_மிதிவண்டி

கனநாளா எழுத வேணும் எண்டு நினைச்ச விசயம். புய்யி-ஆன்-ஓஸ்வா சுரங்கத்துக்கு மேலால போனவைக்கு இடம் விளங்கும். கால்வாய் அப்பிடியே மண்ணுக்குள்ள போயிடும், 3,333 மீட்டர். உள்ள நடைபாதை இல்லை, அதால சைக்கிள் எல்லாம் மேலால, மர வரிசையோட தான் போகவேணும். இடைக்கிடை காத்து போறதுக்கு வெட்டின கிணறுகள் இருக்கு.

வாசலுக்குக் கிட்டவா இருந்த கிணறு ஒண்டுக்குப் பக்கத்தில தண்ணி குடிக்க நிண்டனான். சுத்திவர ஒரு சனமில்லை. அப்ப காலுக்குக் கீழ இருந்து ஆரோ பாடுற சத்தம். ஒரு படகு எஞ்சின் மெல்லமா இரையுது, அதோட ஒரு மனிசி பிரெஞ்சில பாடிக்கொண்டு வாறா. நான் சும்மா நிக்கேலாமல் "போன்ஜூர்!" எண்டு கத்தினன்.

பாட்டு நிண்டுது. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுது. பிறகு கீழ இருந்து, "எங்க நிக்கிறீங்கள்?"

"மேல. சைக்கிளில."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டா: "மேல மழையோ, வெயிலோ?"

"நல்ல வெயில்" எண்டன். "மெர்சி" எண்டா. அவ்வளவு தான். எஞ்சின் சத்தம் தேஞ்சு தேஞ்சு போட்டுது, பாட்டு திரும்பிக் கேக்கேல்லை.

படகு உள்ள ஆமை வேகத்தில தான் போகும். நான் சுரங்கம் முடியிற எஸ்கொம் பக்க வாசலில போய் நிண்டிருந்தா ஆளைப் பாத்திருக்கலாம். ஆனா வீட்டுக்காரியும் பிள்ளையளும் புய்யியில காத்துக்கொண்டு நிண்டவை, நான் மற்றப் பக்கம் இறங்கிட்டன். அந்தக் குரல் இன்னும் காதில நிக்குது. ஏன் மழையா வெயிலா எண்டு கேட்டவா? வெளியில வந்தா தானே தெரியப் போகுது!

திஜோன்_மாணவி

அண்ணா, படிக்கும்போதே சிலிர்த்துடுச்சு. என்னோடதும் அங்கேர்ந்து ரொம்ப தூரம் இல்ல. எஸ்கொம்லேர்ந்து இறங்கினா வாந்தனெஸ் வரும்ல, அங்கதான்.

வாந்தனெஸ் தெரியாதவங்களுக்கு: கால்வாய்ல படகுங்க கட்டிக் கிடக்கும், நிமிர்ந்து பார்த்தா மலை உச்சியில ஷாத்தோநெஃப் கோட்டை. அந்த ஊர்ப் பக்கம் ஒரு மதகுல (ரெண்டு கதவுக்கு நடுவுல படகை நிறுத்தி, தண்ணியைக் கூட்டிக் குறைச்சு ஏத்தி இறக்கற இடம்) என் வயசுப் பொண்ணு ஒருத்தி கோடை விடுமுறை வேலை பார்த்துட்டு இருந்தா. ஒரு படகு உள்ள நிக்குது, அவ ஒரே ஆளு. "அந்தப் பக்கக் கைப்பிடியைக் கொஞ்சம் சுத்தறியா?"னு கேட்டா. சைக்கிளைச் சாய்ச்சுட்டு ஓடினேன்.

முழு பலத்தோட சுத்தினேன், கதவு இம்மியும் அசையல. அவ சிரிச்சுக்கிட்டே தண்ணியைக் காட்டினா. உள்ள இருக்கற மட்டமும் வெளிய இருக்கற மட்டமும் ஒண்ணாகறவரைக்கும் அந்தக் கதவை யாராலயும் திறக்க முடியாதாம், தண்ணியே அழுத்திப் பிடிச்சிருக்குமாம். நாங்க ரெண்டு பேரும் சும்மா நின்னோம். கதவு இடுக்குல பீச்சின தண்ணி மெல்லக் குறைஞ்சு, சுழிப்பெல்லாம் அடங்கி, இலை ஒண்ணு மேல அப்படியே நின்னுது. "இப்போ"ன்னா. ஒரே கையால சுத்தினேன், அவ்ளோ பெரிய கதவு வழுக்கிட்டுத் திறந்துச்சு. இயற்பியல் பாடத்துல படிச்சதுதான், ஆனா உள்ளங்கையில உணர்றது வேற.

அப்புறம் கேட்டா, "கோட்டைக்கா போற? உள்ள எப்படி இருக்குன்னு வந்து சொல்லு. நான் போனதே இல்ல." பக்கத்து ஊர்லயே பொறந்து வளர்ந்தவ! தினமும் மதகுல நின்னு அதைப் பார்க்கறவ!

மேல ஏறறது செங்குத்து, கடைசியில தள்ளிட்டுதான் போனேன். உள்ள ஒண்ணு விடாம பார்த்தேன், அவளுக்குச் சொல்லணும்னே பார்த்தேன். 1457-ல அந்தக் கோட்டை ஃபிலிப் போ-ங்கற பிரபுகிட்ட வந்துச்சு. அவரோட கல்லறைச் சிற்பத்தோட நகல் கோட்டைக் கோயில்ல இருக்கு. கறுப்பு முக்காடு போட்ட எட்டுப் பேர் அவரைத் தோள்ல சுமந்துட்டுப் போறாங்க, ஒருத்தர் முகமும் சரியாத் தெரியாது. இறங்கி வந்து பார்த்தா மதகு பூட்டிக் கிடக்கு. அந்தப் படகோடயே அடுத்தடுத்த மதகுக்குப் போயிட்டா போல. அவங்க வேலையே அப்படித்தானே. அடுத்த மூணு மதகுலயும் தேடினேன், காணோம். சொல்ல வேண்டியது அப்படியே எனக்குள்ளயே தங்கிடுச்சு.

ரைன்கரை_சக்கரம்

பாரிஸ் நண்பருக்கு முதலில் ஒன்று. அந்தக் காற்றுக் கிணறுகளின் பக்கம் போய் எட்டிப் பார்ப்பது ஆபத்து. இதைப் படித்துவிட்டு யாராவது குழந்தைகளோடு போய் முயன்று பார்க்கப் போகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

என் அனுபவம் சின்னது. தொன்னேர் அருகே ஒரு கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் குழாயடிக்குப் போனேன். ஒரு பெரியவர் மனைவியின் கல்லறைப் பூக்களுக்காகப் பூவாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். என் காலி பாட்டிலைப் பார்த்ததும் பூவாளியை இழுத்துக்கொண்டு, "உயிரோடு இருப்பவர்கள் முதலில்" என்றார். பாட்டில் நிறையும்வரை தொப்பியைக் கையில் பிடித்தபடியே நின்றார். அதை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது.

இதிலிருந்து முதன்முறை போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பிரான்சின் கிராமங்களில் கடை இல்லாமல் இருக்கலாம், கல்லறைத் தோட்டம் இல்லாமல் இராது, அங்கே பெரும்பாலும் குழாய் இருக்கும். குடிக்கத் தகாத நீர் என்று பலகை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மதியம் 12 முதல் 2 வரை எல்லாம் அடைத்துவிடுவார்கள், திங்கட்கிழமை பல ரொட்டிக் கடைகள் திறப்பதே இல்லை. எனவே ஞாயிறு காலையிலேயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாரிஸிலிருந்து வருகிறவர்கள் பெர்சி நிலையத்தில் வட்டார ரயில் ஏறி லரோஷ்-மிஜெனில் இறங்கினால் கால்வாயின் தொடக்கமே அதுதான், சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். மொத்தம் 242 கிலோமீட்டர், 189 மதகுகள். மதகு வீட்டுச் சுவரில் உள்ள எண்ணைக் கவனியுங்கள். யோன் நதிப் பக்கத்து மதகுகளுக்கு ஒரு வரிசை, சோன் நதிப் பக்கத்துக்கு இன்னொன்று. இரண்டும் கால்வாயின் உச்சியிலிருந்து, அதாவது சுரங்கம் இருக்கும் இடத்திலிருந்துதான் எண்ணப்படுகின்றன. மிஜெனிலிருந்து போனால் எண் குறையக் குறைய நீங்கள் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். மெல்லிய பந்தயச் சக்கரத்தோடு போகாதீர்கள், தார் போட்ட இடத்துக்கு நடுவே சரளைக்கல் பாதையும் வரும். பாலத்துக்கு அடியில் மணி அடியுங்கள், எதிரே வருகிறவர் தெரியமாட்டார். திஜோனுக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் வளைவே இல்லாத நேர்கோடு. அங்கே எதிர்க்காற்று பிடித்தால் நாள் முழுக்கப் பிடிக்கும், முந்தின இரவே காற்றின் திசையைப் பாருங்கள். கோட்டை விஷயத்தில், என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்று பார்த்தால் போதும்: ஆன்சி-ல-ஃபிரான். இத்தாலியக் கட்டடக் கலைஞர் செர்லியோ வரைந்து கொடுத்தது. வெளியே சாதுவாக இருக்கும், உட்பக்கச் சுவரெல்லாம் ஓவியம். மற்ற கோட்டைகளுக்காக மலை ஏறி நேரத்தை விட வேண்டாம்.

மரக்காணம்_பேரன்

"நேரத்தை விட வேண்டாம்" என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை ஐயா. அந்தத் தங்கை மலை ஏறியதால்தானே அந்த எட்டுப் பேரைப் பார்த்தார்? அசல் சிற்பம் பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பார்த்திருக்கிறேன். ஆனால் ஃபிலிப் போ இருந்த கோட்டையிலேயே அதைப் பார்ப்பதற்கு ஈடாகாது. தான்லே கோட்டையும் கால்வாயிலிருந்து கூப்பிடு தூரம்தான். அகழியைச் சுற்றி நடந்தாலே போதும். அதையும் விடச் சொல்கிறீர்களா?

எனக்கு நேர்ந்தது கால்வாய் முடியும் சாந்-ஜான்-த-லோனில். படகோட்டிகளின் ஊர் அது. ஒரு கல் பாலத்தின் கீழ் நிழலுக்காக நின்றேன். வயதான ஒருவர் வந்து, ஏதும் பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்து, பாலத்தின் கல் மூலையில் என் விரலை வைத்தார். கல்லில் விரல் முழுதும் பதியும் ஆழத்துக்கு ஒரு பள்ளம். அதன்கீழ் இன்னொன்று, இன்னொன்று. உட்புறம் கண்ணாடி போல வழவழப்பு. "கயிறு" என்றார். தலைமுறை தலைமுறையாகக் கரையில் நடந்து படகை இழுத்தவர்களின் ஈரக்கயிறு உரசி உரசிக் கல்லையே அறுத்திருக்கிறது. குதிரை வாங்க வசதி இல்லாத குடும்பங்களில் பெண்களும் பிள்ளைகளும் மார்பில் வார் கட்டி இழுத்தார்களாம். தன் பாட்டி அப்படி இழுத்தவர் என்று அவர் தன் தோளைத் தொட்டுக் காட்டினார்.

என் தாத்தா மரக்காணம். பக்கிங்காம் கால்வாயில் கரையோரம் நடந்தபடி ஆட்கள் கயிறு கட்டிப் படகு இழுத்ததைச் சொல்லும்போது அவரும் இதே மாதிரிதான் தோளைத் தொட்டுக் காட்டுவார். இதை அந்தப் பெரியவரிடம் சொல்ல என் பிரெஞ்சு போதவில்லை. நானும் என் தோளைத் தொட்டுக் காட்டினேன். அவருக்குப் புரிந்திருக்குமா என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.

இந்தக் கால்வாயின் கதையே வருத்தமானது. 1775-இல் தோண்டத் தொடங்கி, பிரெஞ்சுப் புரட்சியில் வேலை நின்று, 1832-இல்தான் முழுதாகத் திறந்தார்கள். 1851-இல் பாரிஸ்–திஜோன் ரயில் வந்துவிட்டது. அத்தனை பேர் உழைப்பும் இருபது வருடத்துக்குள் ரயிலோடு போட்டி போட வேண்டியதாயிற்று. இன்று நாம் சைக்கிள் ஓட்டுவது அவர்கள் நடந்து தேய்த்த பாதையில். அதனால்தான் எத்தனை கிலோமீட்டர், என்ன சக்கரம் என்ற பேச்சு வரும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. மன்னியுங்கள்.

ரைன்கரை_சக்கரம்

கோபம் எதற்கு தம்பி? தண்ணீரும் ரொட்டியும் இல்லாமல் பாதி வழியில் தவிப்பவர் எந்தப் பாலத்துக் கல்லையும் ரசிக்க மாட்டார். அதற்காகத்தான் சொன்னேன். தான்லேயைச் சேர்த்துக்கொள்கிறேன், அது வழியிலேயே இருக்கிறது.

திஜோன்_மாணவி

சண்டை வேண்டாமே. கல்லறைத் தோட்டத்துக் குழாய் எனக்குத் தெரியாது சார், ரொம்ப நன்றி. அண்ணா, அந்தப் பாலம் ஊருக்குள்ளயா, வெளியவா? அடுத்த மாசம் அந்தப் பக்கம் போறேன், பள்ளத்துல விரல் வெச்சுப் பார்க்கணும்.

மரக்காணம்_பேரன்

திஜோன் பக்கத்திலிருந்து போனால் ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன்பு. கீழ்ப்பக்கத்து மூலையைப் பாருங்கள், மேலே செடி மூடியிருக்கும்.

பாரிஸ் அண்ணன், உங்களுக்கு ஒன்று. சுரங்கத்துக்குள் படகுகள் கேட்காமல் நுழைய முடியாது. விளக்கும் உயிர்காப்பு அங்கியும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் மதகுக்காரர்கள் விடுவார்கள். எந்தப் படகு எப்போது போனது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நாள் நினைவிருக்கிறதா?

பாரிஸ்_மிதிவண்டி

வேலிக்கு வெளியால நிண்டுதான் கத்தினனான் ஐயா, பயப்பிடாதேங்கோ. கிட்டப் போக வேணுமெண்டில்லை, குரல் நல்லாத் தெளிவா மேல வரும்.

நாள் நல்லா ஞாபகம் இருக்கு தம்பி. போன வருசம் ஜூலை 14 விடுமுறைக்கு அடுத்த நாள், பின்னேரம். எழுதி வைச்சிருப்பினம் எண்டு எனக்குத் தோணவே இல்லை. நாளைக்கே புய்யிக்கு அடிச்சுக் கேக்கிறன்.