வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை: சேலத்தில் விண்ணப்பித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அம்மாப்பேட்டைக்காரி:

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு மாநில அரசு கொடுக்கும் உதவித்தொகை என்றதும் எல்லோரும் கேட்பது "மாசம் எவ்வளவு வரும்?" என்றுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தாவது தவறியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், தேர்ச்சி பெற்றவர்களுக்கு 300, பன்னிரண்டாவது முடித்தவர்களுக்கு 400, பட்டதாரிகளுக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வங்கிக் கணக்கில் ஏறும். அதிகபட்சம் மூன்று வருடம். நான் பி.ஏ. என்பதால் 1800 ரூபாயாக வருகிறது. பெரிய பணம் இல்லை. ஆனால் ஒரு தேர்வுக் கட்டணம் கட்ட அப்பாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை.

தொகையைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அரசு வேலைவாய்ப்பு இணையதளத்தில் உங்கள் பதிவின் லாகின் யார் கையில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

பத்தாவது மார்க் ஷீட் கொடுத்தபோது பள்ளியிலேயே பதிந்துவிட்டார்கள். பட்டத்தைச் சேர்த்தது எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில். பதிவு அட்டையை அழகாக லேமினேஷன் போட்டுக் கொடுத்தார்கள். வருடங்கள் கழித்து, உதவித்தொகைப் படிவம் எடுக்கலாம் என்று லாகின் செய்தால் உள்ளே விடவில்லை. அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். செல்போன் எண் என்ற இடத்தில் கடைக்காரருடைய எண், மெயிலும் அவருடையதே. பாஸ்வேர்டை மீட்கலாம் என்றால் தகவல் எல்லாம் அவருக்குத்தான் போகும். கடை இருந்த இடத்திலோ இப்போது மருந்துக்கடை. அந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகளின் பதிவு அந்த ஒரே மெயிலில் மாட்டிக்கொண்டிருக்கிறதோ!

கோரிமேட்டில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அசல் சான்றிதழ்கள், ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். எண்ணை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம்தான் பதிவு உயிரோடு இருக்கிறதா என்றே பார்க்க முடிந்தது. நல்லவேளை, புதுப்பித்தல் விட்டுப்போகவில்லை.

அடுத்தது விண்ணப்பப் படிவம். இணையதளத்தில் இருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நிரப்பி நேரில்தான் கொடுக்க வேண்டும். "ஆன்லைன்ல போட்டாச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதற்கு வருவாய்த் துறையின் சான்று வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. அதைக் கேட்டதும், "சொந்தத் தறியாம்மா, கூலித் தறியா?" என்றார் வருவாய்த் துறை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர். தறி சொந்தம், நூலும் பாவும் முதலாளியுடையது, நெய்வது கூலிக்கு என்று அப்பா பொறுமையாக விளக்கிய பிறகுதான் பேனாவைத் திறந்தார். வருடத்துக்கு 72,000 என்றால் மாதம் ஆறாயிரம். இந்தக் காலத்தில் ஆறாயிரத்தில் எந்தக் குடும்பம் நடக்கிறது என்பது வேறு பேச்சு. என்னைக் கேட்டால், மாற்ற வேண்டியது அந்த வரம்பைத்தான்.

மலைமேல்:

அக்கா சொல்வது சரிதான். ஏற்காடு பக்கம் கதை கொஞ்சம் வேறு. எங்கள் ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் மேட்டுப் பாறைக்குப் போக வேண்டும். ஓ.டி.பி. அங்கே வரும், கம்ப்யூட்டர் கீழே கடையில் இருக்கும். பாறையில் எண்ணைப் பார்த்துவிட்டு ஓடி வந்து கடையில் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். கடைசியில் தம்பியைப் பாறையில் உட்கார வைத்து, நடுவில் இன்னொரு பையனை நிறுத்தி, எண்களைக் கத்தச் சொல்லித்தான் காரியம் நடந்தது. ஊரே கேட்ட ஓ.டி.பி. அது.

அலுவலகம் போவது மட்டும் எங்களுக்கு வசதி. ஏற்காட்டு பஸ் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி அடிவாரம் தாண்டினால் கோரிமேடு வந்துவிடும், சேலம் டவுனுக்குள் போகவே வேண்டாம். ஆனால் காப்பிப்பழம் பறிக்கிற சீசனில் இறங்கினால் அன்றைய கூலி போச்சு. நான் பன்னிரண்டாவதுதான், மூன்று மாதத்துக்கு 1200. ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போனால் கையில் மிஞ்சுவதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் எல்லாத் தாளையும் சரிபார்த்துக்கொண்டு ஒரே தடவையாக இறங்குங்கள்: மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்று, பதிவு அட்டை, பாஸ்புக், ஆதார். அசலும் வேண்டும், ஜெராக்ஸும் வேண்டும்.

வயசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 45 வயது வரை, மற்றவர்களுக்கு 40. எங்கள் மலைவாழ் பழங்குடியான மலையாளி ஜனங்களில் நாற்பதைத் தாண்டிய பலபேர் "வயசு போயிடுச்சு" என்று கேட்காமலே விட்டுவிட்டார்கள்.

ஓமலூர்:

நான் பி.இ., வேலை இல்லாமல் மூன்று வருடம் ஆகிறது. விண்ணப்பிக்கலாமா?

அம்மாப்பேட்டைக்காரி:

முடியாது தம்பி. பொறியியல், மருத்துவம், சட்டம் மாதிரி தொழிற்படிப்புப் பட்டம் உள்ளவர்களுக்கு இந்தத் திட்டம் இல்லை. கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் கிடையாது. தபால் வழியில் படித்தால் பரவாயில்லை. மற்றவர்களுக்கும் தகுதியைப் பதிந்து ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும், பதிவு விடாமல் புதுப்பிக்கப்பட்டும் இருக்க வேண்டும்.

தாதகாப்பட்டி:

எங்கள் அண்ணனுக்குக் காலில் ஊனம். மாற்றுத்திறனாளிகளுக்குக் கணக்கே தனி. பதிந்து ஒரு வருடம் ஆனால் போதும், வருமான வரம்பு இல்லை. பத்தாவது வரை 600, பன்னிரண்டாவதுக்கு 750, பட்டத்துக்கு 1000, பத்து வருடம் வரை. இது தெரியாமல் எங்களையும் ஐந்து வருடம் காத்திருக்கச் சொன்னவர் ஒரு பெரிய மனிதர். பெயர் வேண்டாம்.

மில் வேலை:

ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். என்னைப் போல வேலையில் இருந்து அது போனவர்கள் இந்த வேலைவாய்ப்பு இணையதளத்தில் தேடிப் பயனில்லை. இது வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கான மாநில அரசுப் பணம். சம்பளத்தில் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.க்குப் பணம் பிடித்தவர்களுக்கு வேறு வழி இருக்கிறது, அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனுடைய திட்டம், 2018 ஜூலையில் தொடங்கியது. சராசரி தினச் சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்கு. ஆயுளில் ஒரே ஒரு முறை. முதலில் கால்வாசிதான் கொடுத்தார்கள், 2020-ல் பாதியாக்கினார்கள்.

நான் இருந்த நூல் மில்லில் ஷிப்டைக் குறைத்து ஒரு கூட்டத்தையே அனுப்பினார்கள். ஈ.எஸ்.ஐ. தளத்தில் காப்பீட்டு எண்ணைப் போட்டு உள்ளே போய்ப் பார்த்தால், நான் வேலையை விட்ட காரணம் "லெஃப்ட் சர்வீஸ்" என்று கிடந்தது. நானாகவா விட்டேன்? ஆள்குறைப்பு என்று காட்ட "ரிட்ரென்ச்மென்ட்" என்று தனியாக ஒரு வரி அதே பட்டியலில் இருக்கிறது. மில்லில் மாதச் சந்தா ஏற்றும் கிளார்க் கைக்கு முதலில் வந்ததைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். மில் ஆபீஸில் நின்று பேசி, அவர்களிடம் வேலைநீக்கக் கடிதம் ஒன்று வாங்கிய பிறகுதான் விண்ணப்பித்தேன். பணம் வந்தது. ஆகவே மில்லைவிட்டு வெளியே வரும் அன்றே கணக்கில் என்ன காரணம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். நாளாகிவிட்டால் அந்த கிளார்க் உங்களுக்காக எதையும் திறக்க மாட்டார்.

செவ்வாப்பேட்டை:

கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை. வெள்ளி விலை ஏறியதில் ஆர்டர் இல்லை, பட்டறையே மூடிக் கிடக்கிறது. எனக்கு ஏதாவது உண்டா?

மில் வேலை:

எத்தனை பேர் வேலை பார்த்தீர்கள்? பத்து பேராவது இருந்தால்தான் ஈ.எஸ்.ஐ. வரும்.

செவ்வாப்பேட்டை:

முதலாளியோடு சேர்த்து ஐந்து பேர்.

மில் வேலை:

அப்படியென்றால் என் வழி உங்களுக்கு ஆகாது. அக்கா சொன்ன வழிதான். பத்தாவது முடித்தீர்களா?

செவ்வாப்பேட்டை:

முடித்தேன். பள்ளியில் பதிந்தார்கள். அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

அம்மாப்பேட்டைக்காரி:

மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் அண்ணா. கெடு மாதம் முடிந்து மேலும் இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அதையும் தாண்டினால் சீனியாரிட்டி, அதாவது பதிவு மூப்பு, போய்விடும். அரசு அவ்வப்போது சலுகை தரும். 2014 முதல் 2019 வரை விட்டவர்களுக்கு 2022 மார்ச் 1 வரை அப்படி ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். இப்போதைக்குப் புதிதாகப் பதிந்து வைத்துவிடுங்கள், ஐந்து வருடக் கணக்கு இன்றிலிருந்தாவது ஓடட்டும்.

மலைமேல்:

இன்னொன்று. பணம் வர ஆரம்பித்த பிறகு வருடத்துக்கு ஒருமுறை சுய உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். அது போகவில்லை என்றால் பணம் நின்றுவிடும். எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்கு அப்படித்தான் நின்றது. உதவித்தொகை வாங்கினால் பதிவு போய்விடும் என்று பயமுறுத்துவார்கள், அதை நம்ப வேண்டாம். சீனியாரிட்டி அப்படியே இருக்கும்.

செவ்வாப்பேட்டை:

பதிந்துவிட்டேன், என் சொந்த போன் எண்ணில். அடுத்த சலுகை ஆணை வந்தால் யாராவது இங்கே ஒரு வரி போடுங்கள்.