பி.பி.ஏ. ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் சேர்க்கலாமா? படித்தால் என்ன வேலை?

பவானிக்கரை:
தங்கச்சி +2 காமர்ஸ் முடிச்சிருக்கா. மாவட்ட அளவில் கபடி ஆடுறவ. ஒரு தனியார் கல்லூரியில் பி.பி.ஏ. ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்டுக்கு மூணு வருஷத்துக்கு 6 லட்சம் கேட்கிறாங்க. நோட்டீஸ்ல "ஐபிஎல் அணிகளில் வேலை"ன்னு போட்டிருக்கு. வீட்டிலோ இதைப் படிச்சா பி.டி. டீச்சர் ஆகிடலாம்னு நம்புறாங்க. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கல்விவழி:
முதல்ல வீட்டில் தெளிவா சொல்லிடுங்க. பி.டி. டீச்சர் வேலைக்கு பி.பி.எட். மாதிரி உடற்கல்விப் பட்டம் வேணும். கோச் ஆகணும்னா பாட்டியாலாவில் இருக்கிற தேசிய விளையாட்டு நிறுவனத்தோட (என்.ஐ.எஸ்.) பயிற்சியாளர் டிப்ளமா. இந்தப் படிப்பு அந்த ரெண்டுக்கும் செல்லாது, இது நிர்வாகப் படிப்பு.

அடுத்து, பட்டம் யார் பேரில் வருதுன்னு கேளுங்க. "இன்ன பல்கலையுடன் இணைந்து"ன்னு பெரிசா போட்டுட்டு, கடைசியில் பட்டம் தொலைநிலைக் கல்வியில் வர்ற இடங்கள் உண்டு. பல்கலைக்கழகம் யுஜிசி பட்டியலில் இருக்கான்னு பாருங்க. போன ரெண்டு பேட்ச் மாணவர்கள் எந்தப் பதவியில், எவ்வளவு மாசம் வேலை பார்த்தாங்கன்னு பட்டியல் கேளுங்க. அணிகளோட லோகோவை மட்டும் காட்டினா கிளம்பி வந்துடலாம். ஐபிஎல்லில் இருப்பதே 10 அணி, சீசன் ரெண்டு மாசம் சொச்சம். நோட்டீஸ் சொல்ற "வேலை" பெரும்பாலும் அந்த ரெண்டு மாச இன்டர்ன்ஷிப்தான்.

என் கருத்து: இளங்கலைக்கு நல்ல கல்லூரியில் பி.காம். அல்லது சாதா பி.பி.ஏ. போதும். விளையாட்டு நிர்வாகத்தை முதுகலையில் எடுக்கட்டும். மேலக்கோட்டையூரில் நம்ம விளையாட்டுப் பல்கலைக்கழகத்திலேயே எம்.பி.ஏ. இருக்கு. வெளியே புனே சிம்பயோசிஸ், கொல்கத்தாவில் ஐ.ஐ.எஸ்.டபிள்யூ.பி.எம். என்ற மேலாண்மை நிறுவனம், ரெண்டையும் பாருங்க. ஐஐஎம் ரோத்தக்கில் எக்ஸிக்யூட்டிவ் டிப்ளமா உண்டு. இந்தத் துறை பிடிக்கலைன்னாலும் பி.காம். கையில் இருக்கும்.

மேட்ச்டே:
மேலே சொன்னது சரி. ஆனா "எந்தப் பட்டம்" என்பதைவிட படிக்கும்போதே மைதானத்தில் வேலை செஞ்சாளா என்பதைத்தான் வேலைக்கு எடுக்கிறவங்க பார்ப்பாங்க. 2022இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட், 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டி, 2025இல் சென்னை, மதுரையில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பைன்னு வாய்ப்பு வந்துக்கிட்டேதான் இருக்கு. தன்னார்வலரா போனா பேட்ஜ் மாட்டி வாசலில் நிற்கிற வேலையை விட்டுட்டு, அக்ரெடிடேஷன் (அடையாள அட்டை கொடுக்கிற) மேஜையையோ, மைதான ஏற்பாட்டைப் பார்க்கிற வென்யூ டீமையோ கேட்டு வாங்கணும்.

அக்ரெடிடேஷன்ல என்ன இருக்குன்னா, ஒவ்வொரு அடையாள அட்டையிலும் மண்டலக் குறி இருக்கும்: ஆடுகளம், வீரர் அறை, ஊடகப் பகுதி, வி.ஐ.பி. பகுதின்னு. எல்லாருக்கும் எல்லா மண்டலமும் போட்டுக் கொடுத்தா அட்டைக்கு அர்த்தமே இல்லாம போயிடும். முதல் நாளே ஆடுகளத்தில் செல்ஃபி எடுக்கிற கூட்டம் நிற்கும்.

பெரிய போட்டிகளில் "கிளீன் வென்யூ" விதியும் உண்டு. ஸ்டேடியத்தில் ஏற்கெனவே இருக்கிற விளம்பரங்களை எல்லாம் மூடித்தான் அமைப்பாளரிடம் ஒப்படைக்கணும். பெரிய போர்டை யாரும் மறக்க மாட்டாங்க. பிரஸ் மீட் மேஜைத் தண்ணி பாட்டில் லேபிள், ஸ்கோர்போர்டு தயாரிப்பாளர் பேர், கேன்டீன் ஃபிரிட்ஜ், இதுலதான் மாட்டுவாங்க. போட்டி ஸ்பான்சர் ஒரு குளிர்பானம், ஃபிரிட்ஜில் இன்னொரு குளிர்பானம்னா டிவியில் வந்த அஞ்சாவது நிமிஷம் போன் வரும்.

பவானிக்கரை:
நன்றிங்க. வேலைக்கு எடுக்கிறப்போ என்ன கேட்பாங்க? இப்போவே வீட்டில் இருந்து பழக ஏதாவது இருக்கா?

அட்டவணை:
கபடி ஆடுறவங்கன்னா கபடியிலேயே பழகட்டும். ஆண்கள் போட்டி, 16 அணி, ரெண்டு மேட் (ஆடுகள விரிப்பு), மூணு நாள்னு வெச்சுக்குங்க. நாக்அவுட்னா 15 ஆட்டத்தில் முடிஞ்சிடும், ஆனா பாதி அணிகள் ஒரே ஆட்டத்தோட ஊருக்கு பஸ் ஏறிடும். நாலு நாலா பிரிச்சு, குழுவுக்குள்ள எல்லாரும் எல்லாரோடும் ஆடுற லீக் வெச்சா 24, அப்புறம் காலிறுதி முதல் இறுதி வரை 7, மொத்தம் 31. ஓர் ஆட்டம் 20 + 5 + 20 நிமிஷம். டைம்அவுட், மேட் துடைக்கிறது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்கணும். லீக் மட்டும் ஒவ்வொரு மேட்டிலும் 12 மணி நேரம், அதை ரெண்டு நாளா பிரிக்கணும். மூணாம் நாள் இறுதிக்கு வர்ற அணி அன்னைக்கே 3 ஆட்டம் ஆடும், இடைவெளி விடலைன்னா தசைப்பிடிப்பில் உட்கார்ந்துடுவாங்க.

இப்போ ஆள் கணக்கு. அணிக்கு 12 வீரர், கோச், மேனேஜர்னு 14 பேர், மொத்தம் 224 பேர். மூணு நாள், மூணு வேளை: 2,016 சாப்பாடு. நடுவர், ஸ்கோரர், தன்னார்வலர் தனி. புதுசா பட்ஜெட் போடுறவங்க பரிசுத் தொகையை முதல்ல எழுதிட்டு சாப்பாட்டுச் செலவையும் ஆம்புலன்ஸையும் கடைசியில் தேடுவாங்க.

ஜூனியர் போட்டின்னா சண்டை வயசுச் சான்றிதழில்தான் ஆரம்பிக்கும். ஒரு வாரம் முன்னாடியே போட்டோ ஒட்டின படிவத்தை வாங்கி, ஒரே பையன் ரெண்டு அணியில் இருக்கானான்னு பார்த்துடணும்.

ஸ்பான்சர்சிப்:
நிலையா சம்பளம் வர்ற பக்கம் ஸ்பான்சர் விற்பனை, அதை யாரும் நோட்டீஸ்ல போடுறதில்லை. ஒப்பந்தத்தில் சொன்ன ஜெர்சி லோகோ, போர்டு, அறிவிப்பு, ஸ்டால் ஒவ்வொண்ணுக்கும் தேதியோட போட்டோ எடுத்து, போட்டி முடிஞ்சதும் அறிக்கையா கொடுக்கணும். போர்டை கூட்டம் வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு, ஆட்டம் நடக்கும்போது ஒண்ணுன்னு எடுக்கணும். அது இல்லைன்னா கடைசித் தவணை நின்னுடும்.

இந்தப் பணம் எங்கே இருந்து வருதுன்னும் கவனிக்கணும். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடுற ஆன்லைன் கேம்களுக்குத் தடைச் சட்டம் வந்ததும் ட்ரீம்11 இந்திய கிரிக்கெட் அணியின் ஜெர்சியிலிருந்து விலகிச்சு, அப்போலோ டயர்ஸ் வந்துச்சு. ஒரே வகை ஸ்பான்சரை நம்பியிருந்த லீக்குகள் திண்டாடிப்போச்சு. இன்னொரு பக்கம், கம்பெனிகள் சட்டம் 2013இன்படி கிராமிய, ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுப் பயிற்சிக்குச் செலவிடுறதை கம்பெனிகள் தங்களோட சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்புச் செலவு) கணக்கில் காட்டலாம். அந்தப் பணத்துக்குத் திட்டம் எழுதி, கணக்கு ஒப்படைக்கத் தெரிஞ்ச ஆளைத் தொண்டு நிறுவனங்களும் அகாடமிகளும் தேடுறாங்க. காமர்ஸ் படிச்ச பொண்ணுக்கு அது நேரா பொருந்தும்.

வீரர்களுக்காக ஒப்பந்தம் பேசுற ஏஜென்ட் ஆகிற ஆசை இருந்தா ஃபுட்பாலில் ஃபிஃபா தேர்வு இருக்கு: 60 நிமிஷம், 20 கேள்வி, 15 சரியா இருக்கணும். அதுக்குப் பட்டமே கேட்கிறதில்லை.