வட்டாரத்தில் தோற்றவர் சபையில் எப்படி இருக்கிறார்?

எருவில்வாசி:
இலங்கையில் 2025 மே 6 நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் வென்றவருக்குத்தான் நானும் போட்டேன். மறுகா பார்த்தால், அவரிடம் தோற்றவரும் பிரதேச சபையில் கதிரை போட்டு இருக்கிறார்! எங்கள் கிறவல் வீதி மாரியில் வயல் மாதிரிக் கிடக்கிறது. இனி யாரிடம் போய்க் கேட்பது?

வாவிக்கரை:
2018 தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்த கலப்பு முறை தம்பி. 60 வீத ஆசனம் வட்டாரத்தில் வென்றவர்களுக்கு, 40 வீதம் கட்சிப் பட்டியலுக்கு. வாக்குச்சீட்டில் ஆளின் பெயரே இல்லை, கட்சியின் பெயரும் சின்னமும்தான். தோற்ற கட்சியின் வாக்குகளும் கணக்கில் வரும். ஒரு கட்சிக்கு மொத்த வாக்கின்படி 6 ஆசனம் என்று வையுங்கள். வட்டாரத்தில் 4 வென்றிருந்தால் மீதி 2 பட்டியலில் போகும். அதில் தோற்றவரையும் போடலாம்.

படுவான்கரைப் பிள்ளை:
25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்பதையும் சேருங்கள் அண்ணே. எங்கள் பக்கம் பட்டியலில் போன அக்காதான் தெருவிளக்குக்கு அலைகிறா. வட்டாரத்தில் வென்றவரை வெற்றி ஊர்வலத்தில் கண்டதுதான்.

எருவில்வாசி:
சரி, அப்ப சபைக்குத் தலைமை தாங்கும் தவிசாளர் எப்படி வருகிறார்?

வாவிக்கரை:
ஒரு கட்சிக்குப் பாதிக்கு மேல் ஆசனம் இல்லாவிட்டால் உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவார்கள். அங்கேதான் பேரம். உங்கள் வீதிக்கு வென்றவர், தோற்றவர் இரண்டு பேரிடமும் கடிதம் கொடுங்கள், பிரதி ஒன்றைப் பிரதேச சபைச் செயலாளரிடம் கொடுத்துத் திகதி முத்திரை வாங்குங்கள்.