மளிகைப் பையில் என்ன போடுவது? கேட்டால் "எது கொடுத்தாலும் சரி" என்கிறார்கள்

பாமணியாற்றங்கரை:

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். சத்துணவு அமைப்பாளராக 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சிங்கப்பூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போன ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள். அதை வைத்து 64 வீடுகளுக்கு மளிகைப் பை கொடுக்கிறோம். தனியாக இருக்கும் கிழவிகள், கணவனை இழந்தவர்கள், படுத்த படுக்கையாக ஆள் கிடக்கும் வீடுகள். பட்டியல் போட்டது பிள்ளைகள்தாம்: பச்சரிசி 5 கிலோ, கோதுமை மாவு 1 கிலோ, கொண்டைக்கடலை, மீல்மேக்கர், ஓட்ஸ், சூரியகாந்தி எண்ணெய், இரண்டு பிஸ்கட் பொட்டலம். சத்துக் கணக்குப் பார்த்துப் போட்டதாம். நானும் தலையாட்டினேன்.

போன வாரம் கீழத்தெருவில் ஒரு பாட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலைத் தட்டி உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தால் கால் எதிலோ இடித்தது. குனிந்து பார்த்தால், சுவரோரமாக ஒன்றின் மேல் ஒன்றாக ஏழு கோதுமை மாவுப் பொட்டலங்கள். மேலே பழைய துண்டு ஒன்று போர்த்தியிருந்தது. எட்டு மாதமாகக் கொடுக்கிறோமே, எட்டாவது எங்கே என்றேன்.

"போஸ்டர் ஒட்டுகிற பையன்கள் பசை காய்ச்ச மாவு கேட்டார்கள் டீச்சரம்மா. நல்ல மாவு, வீணாகப் போகலாமா?"

ஆக, எங்கள் சப்பாத்தி மாவு கடைத்தெருச் சுவரில் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி செலுத்திக்கொண்டிருக்கிறது. அவளிடம் சப்பாத்திக் கட்டை கிடையாது. இருந்தாலும் தேய்க்க மணிக்கட்டில் வலு கிடையாது. கொண்டைக்கடலை டப்பாவைத் திறந்தாள், பாதி வண்டு. "ராத்திரி ஊறவைத்துக் காலையில் அவ்வளவு நேரம் வேகவைத்தால் சிலிண்டருக்கு எங்கே போவேன்? வெந்தாலும் எந்தப் பல்லால் மெல்லுவேன்?"

"பிறகு என்னதான் வேண்டும், சொல்லுங்கள் பாட்டி" என்றேன். உடனே முகம் மாறிவிட்டது. "எது கொடுத்தாலும் சரி டீச்சரம்மா. கொடுக்கிற கையைக் குறை சொல்லலாமா?"

நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு 64 வீட்டுக்கும் போனேன். 57 வீட்டில் இதே பதில். மூன்று வீட்டில் அரிசி கொஞ்சம் கூட வேண்டும் என்றார்கள். ஒருத்தி தைலம் கேட்டாள்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. எந்தக் குழந்தையிடமும் "உனக்கு என்ன பிடிக்கும்" என்று நான் கேட்டதில்லை. கழுவுகிற இடத்தில் நின்று தட்டைப் பார்ப்பேன். சாம்பாரில் பூசணித் துண்டு ஒதுங்கிக் கிடந்தால் அடுத்த வாரம் பொடியாக நறுக்கச் சொல்வேன். தட்டு பொய் சொல்லாது. பையைக் கொடுத்தால் தட்டு அவரவர் வீட்டுக்குள் போய்விடுகிறது. அதை நான் எப்படிப் பார்ப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

எடைக்கல்:

அம்மா, வணக்கம். திருவாரூர்ப் பக்கம் நியாய விலைக் கடையில் விற்பனையாளராக இருந்தவன்.

முதலில் அந்தப் பச்சரிசியை நிறுத்துங்கள். நம் பக்கத்தில் பச்சரிசி என்பது பொங்கலுக்கும் பலகாரத்துக்கும்தான். தினச் சோறு புழுங்கலரிசி. அதையும் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு விலையில்லாமல் கொடுக்கிறார்கள். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று அங்கேயே கிடைக்கிறது. ரேஷன் கொடுப்பதை நீங்களும் கொடுத்தால் ஒன்று கோழிக்குப் போகும், இன்னொன்று கடைக்குப் போகும். ரேஷனில் இல்லாதது எது என்று பாருங்கள். புளி, மிளகாய், மல்லி, கடுகு, சோப்பு. சோறு எல்லோர் வீட்டிலும் வெந்துவிடும். குழம்புக்குத்தான் ஆள் பெட்டிக்கடை வாசலில் நிற்கிறது.

இன்னொன்று. பிடிக்கவில்லை என்பதற்கும் நம்பவில்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு. செறிவூட்டப்பட்ட அரிசி வந்த புதிதில் பிளாஸ்டிக் அரிசி என்று என் கடை வாசலில் சண்டைக்கு வந்தார்கள். 100 கிலோவுக்கு ஒரு கிலோ கலக்கிறார்கள், இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12ம் சேர்த்து அரிசி வடிவில் செய்த மணி அது என்று எவ்வளவோ சொன்னேன். முறத்தில் புடைத்துப் பொறுக்கி எறிந்தார்கள். கடைசியில் என் வீட்டுச் சோற்றைத் தூக்குவாளியில் கொண்டுவந்து அவர்கள் கண்முன்னே சாப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் பேச்சு குறைந்தது.

மாதமும் முக்கியம். சம்பா நடவு முடிந்து தை அறுவடைக்கு நடுவில், ஐப்பசி கார்த்திகையில், கூலி வேலை கிடையாது, மழை வேறு. முன்பெல்லாம் அறுப்புக் கூலியாக வந்த நெல் குதிரில் கொஞ்சம் கிடக்கும். அறுவடை இயந்திரம் வந்த பிறகு அதுவும் இல்லை. பன்னிரண்டு மாதமும் ஒரே பை என்பதைவிட, மாசி பங்குனியில் குறைத்து ஐப்பசியில் கூட்டுங்கள். நாகப்பட்டினக் கரையில் யாராவது இதைப் படித்தால், உங்களுக்குக் கணக்கு வேறு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடையின் 61 நாள்.

வேதாரண்யத்து உப்பு:

அக்கா, நான் வாங்கிய கை. அதனால் எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. எங்கள் கொல்லையில் 14 தென்னை சாய்ந்தது. ஓடு பறந்து அடுப்பங்கரை மழையில் கரைந்தது. அடுத்த நாளிலிருந்து லாரிகள் வர ஆரம்பித்தன. பன், ரொட்டி, ஜாம், பிஸ்கட். எங்கிருந்தோ கட்டி அனுப்பிய தயிர்சாதம், எங்களிடம் வரும்போது பொட்டலத்தைப் பிரிக்க முடியாத வாடை. என் அம்மாவுக்குச் சர்க்கரை. ஒன்பது நாள் ரொட்டியும் ஜாமும் தின்றாள். வேறு என்ன செய்வாள்?

நாலாவது நாள் செங்கல் கூட்டி அடுப்பு வைத்துவிட்டோம். விழுந்த மரம் இருக்கிறது, விறகுக்குப் பஞ்சமா? லாரியில் வந்த ஒரு பெரியவரிடம் புளியும் தீப்பெட்டியும் இருக்குமா என்று கேட்டேன். "இந்த நேரத்தில் வாய்க்கு ருசி கேட்கிறதா?" என்றார். பின்னால் வரிசையில் என் நாத்தனார், என் மகனின் வாத்தியார், எல்லோரும் நின்றார்கள். அன்றைக்குக் கற்றுக்கொண்டதுதான் அக்கா அந்தப் பதில். யார் கேட்டாலும் "எதுவானாலும் சரி" என்போம். அதற்கு அர்த்தம் எதுவானாலும் சரி என்பதல்ல.

"என்ன வேண்டும்" என்று கேட்காதீர்கள். அது கேட்பவரை மேலேயும் சொல்பவரைக் கீழேயும் வைக்கிறது. "நேற்று என்ன குழம்பு வைத்தீர்கள்" என்று கேளுங்கள். மணக்க மணக்கச் சொல்வார்கள். இல்லாவிட்டால் இப்படிச் சொல்லுங்கள்: "பை கனமாகிவிட்டது, எனக்கும் வயதாகிவிட்டது, ஏதாவது ஒன்றை எடுத்துவிட வேண்டும். எதை எடுக்கட்டும்?" அதில் அவர்கள் உங்களுக்கு உதவி செய்கிறார்கள். குறை சொன்ன பாவம் வராது. புகைப்படம் எடுத்துக்கொண்டே கேட்டால் மட்டும் ஒரு உண்மையும் வராது.

மூணாறு தலைப்பு:

நீடாமங்கலத்துக்காரன், இப்போது நியூ ஜெர்சியில். சனிக்கிழமைகளில் இங்கே ஓர் உணவு வங்கியில் அட்டைப்பெட்டி பிரிக்கும் வேலை. உணவு வங்கி என்ற ஏற்பாடே 1967இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில், கடைகள் விற்க முடியாமல் தூக்கி எறிவதை வாங்கிப் பசித்தவர்களுக்குக் கொடுப்பதில்தான் தொடங்கியது. அந்தப் பிறவிக் குணம் இன்னும் போகவில்லை. கொடுப்பவரிடம் மிஞ்சியது எதுவோ அதுவே வாங்குபவரின் சாப்பாடு. நாங்களும் முதலில் கட்டிய பைதான் கொடுத்தோம். ஒரு குஜராத்திப் பாட்டி வெளியே பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் மீன் டப்பாக்களை வரிசையாக வைத்துவிட்டுப் போவாள். அடுத்த பஸ்ஸுக்கு வந்தவர் எடுத்துப் போவார்.

பிறகு கடை மாதிரி அலமாரியில் அடுக்கினோம். வீட்டில் இத்தனை பேர் என்றால் இத்தனை புள்ளி. அவர்களே கூடையில் எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்குக் கேள்வியே தேவைப்படவில்லை. சாயங்காலம் எந்தத் தட்டு காலி, எது அப்படியே இருக்கிறது என்று பார்த்தால் போதும். அம்மா தேடுகிற தட்டு அதுதான் என்று தோன்றுகிறது.

மேலவீதி:

தம்பி அமெரிக்காவில் தேடியது தஞ்சாவூரிலும் இருந்தது என்பதற்காக மட்டும் ஒரு குறுக்குப் பேச்சு. 1801இல் சரபோஜி மன்னர் தன் சத்திரங்களைப் பற்றி ஆங்கிலேய ரெசிடென்டுக்கு (அரசவையில் இருந்த கம்பெனிப் பிரதிநிதிக்கு) ஒரு கடிதம் எழுதினார். வருகிறவர்களுக்குச் சமைத்த சோறு, அது வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் சாமானும் என்று அதில் இருக்கிறது. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் இருந்தால் வாருங்கள் என்று கூப்பிடுவார்களாம். ஏன் சோறு வேண்டாம் என்று காரணம் கேட்டதாக எங்கும் இல்லை. (அக்காலத்துக் காரணம் பெரும்பாலும் சாதிதான், அதையும் மறைக்க வேண்டியதில்லை.)

பாமணியாற்றங்கரை:

எடைக்கல் சார் சொன்னது சுருக்கென்று தைத்தது. பச்சரிசியை நானே பார்த்துத் தடுத்திருக்க வேண்டும். அலமாரி யோசனையில் எனக்குப் பயம் உண்டு தம்பி. நியூ ஜெர்சியில் யாரும் யாருக்கும் மாமியார் இல்லை. இங்கே யார் எதை எடுத்தாள் என்பது பொழுது சாய்வதற்குள் குளத்தங்கரைக்குப் போய்விடும். முதலில் வருபவள் எண்ணெயை அள்ளிக்கொண்டு போனால் கடைசியில் வருபவளுக்கு ஓட்ஸ்தான் மிஞ்சும். வேதாரண்யத்துத் தங்கை சொன்னதை முதலில் செய்து பார்க்கிறேன்.

பாமணியாற்றங்கரை (ஐந்து வாரம் கழித்து):

"எதை எடுக்கட்டும்" என்று கேட்டேன். 64இல் 60 பேர் யோசிக்காமல் ஓட்ஸ் என்றார்கள். ஒருத்தி, "அது உமியா, தவிடா டீச்சர்?" என்று இவ்வளவு நாள் கேட்காத சந்தேகத்தையும் கேட்டுவிட்டாள். கோதுமை மாவு ஒன்பது வீட்டுக்கு மட்டும் வேண்டும். திருப்பூரில் இருந்து திரும்பிய குடும்பங்கள், பிள்ளைகள் சப்பாத்தி கேட்கிறார்களாம். நேற்றுக் குழம்பைப் பற்றிக் கேட்டதில் நோட்டு நிறைந்துவிட்டது. புளிக்குழம்பு, ரசம், கருவாடு, மறுபடி புளிக்குழம்பு. இரண்டு வீட்டில் வெறும் நீராகாரமும் பச்சை மிளகாயும். அந்த இரண்டு வீட்டையும் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

புதுப் பட்டியலில் வெற்றிலை பாக்கையும் சேர்த்துப் பிள்ளைகளுக்கு எழுதியதும் சிங்கப்பூரில் இருந்து போன். "அத்தை, நன்கொடைப் பணத்தில் வெற்றிலையா?" என்றான் ஒருவன். "உன் அப்பத்தா சாப்பாட்டை விட்டாலும் வெற்றிலையை விட்டாளா?" என்றேன். இன்னும் முடிவாகவில்லை.

அலமாரியையும் பாதி செய்துவிட்டேன். பழைய நூலக அறையில், பொதுவான சாமான்கள் கட்டிய பையில். பக்கத்து மேசையில் புளி, எண்ணெய், தேயிலைத்தூள், பயறு, சோப்பு. மூன்றை எடுத்துக்கொள்ளலாம், எண்ணெய் ஒன்றுதான். ஒரே நேரத்தில் வரச் சொல்லாமல் தெருவுக்கொரு நாள். நடக்க முடியாத 11 பேருக்கு வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போகிறோம், அவர்களுக்கும் மூன்றைச் சொல்லும் உரிமை உண்டு.

முதல் நாள் கீழத்தெரு. கட்டில் பாட்டியும் வந்தாள். மேசையைச் சுற்றி வந்து, எதையும் தொடாமல் நின்றாள். பிறகு புளிப் பொட்டலத்தை எடுத்து, ஓரத்தைக் கிழித்து மோந்து, ஒரு துளி கிள்ளி நாக்கில் வைத்தாள். முகம் கோணியது. பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள்.

"இது புதுப்புளி டீச்சரம்மா. குழம்பு வெளுத்துப்போகும். உங்களை யாரோ ஏமாற்றிவிட்டான். பழம்புளி கிடைக்காதா?"

மன்னார்குடிக் கடைத்தெருவில் பழம்புளி மொத்த விலைக்கு எங்கே நல்லதாகக் கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மேலத்தெருவுக்கு வியாழக்கிழமை முறை.