சூடேற்றிய நியோபியம்-டின் சுருளின் கம்பி முனைகளைப் பாதுகாப்பது எப்படி? ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் நியோபியம்-டின் மீகடத்திக் கம்பியால் (மிகக் குளிர்ந்த நிலையில் மின்தடையின்றி மின்னோட்டம் கடத்துவது) சிறிய சோதனைச் சுருள் ஒன்றைச் செய்து வருகிறோம். இதில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மற்றொரு மீகடத்தியான நியோபியம்-டைட்டானியம் வளைந்து கொடுக்கும், செர்ன் ஆய்வகத்தின் எல்.எச்.சி. துகள் முடுக்கியின் இருமுனைக் காந்தங்கள் அதைக் கொண்டே 1.9 கெல்வினில் 8.3 டெஸ்லாவுக்கு வடிவமைக்கப்பட்டன. அதைவிட வெகுவாக உயர்ந்த காந்தப்புலம் வேண்டுமென்றால் நியோபியம்-டின்னை நாட வேண்டும். ஆனால் அந்தச் சேர்மம் உருவானதும் பீங்கானைப் போல நொறுங்கும் இயல்புடையது. ஆகவே நியோபியமும் வெள்ளீயமும் வினைபுரியாமல் இருக்கும்போதே கம்பியைச் சுற்றி, பிறகு ஏறத்தாழ 650 டிகிரி செல்சியஸில் நீண்ட நேரம் சூடேற்றிச் சேர்மத்தைச் சுருளுக்குள்ளேயே உருவாக்குகிறோம். சாதாரண இனாமல் பூச்சு அந்த வெப்பத்தைத் தாங்காது என்பதால் கண்ணாடி இழை உறையைப் பயன்படுத்துகிறோம்.

என் கவலையெல்லாம் உலையிலிருந்து எடுப்பதற்கும் எப்பாக்சி பிசினை ஏற்றி இறுக்குவதற்கும் இடைப்பட்ட கட்டத்தைப் பற்றியதுதான். சுருளிலிருந்து வெளிவரும் முனைகளை நியோபியம்-டைட்டானியக் கம்பியோடு சால்டர் செய்யும்போது சற்றே வளைந்தாலும் உள்ளிழைகளில் விரிசல் விழக்கூடும். அந்தச் சேதம் கண்ணுக்குத் தெரியாது, குளிரூட்டி மின்னோட்டம் செலுத்தும்போதுதான் வெளிப்படும்.

முனைகளை உலைக்குள் வைக்கும்போதே தாங்கியோடு பொருத்திவிடுகிறீர்களா, பிறகு பொருத்துகிறீர்களா? முதல் வழியே பாதுகாப்பானது என்று நினைக்கிறேன். அப்படியானால் வெப்பத்தில் நீளம் மாறுவதற்கு எவ்வளவு இடைவெளி விடுவது? தாங்கியின் வரைபடத்தையோ படத்தையோ பகிர்ந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.