பேட்டரி உடைக்கிற கொட்டகை பக்கத்தில் பிள்ளைகள்: ஈயத்துக்கு என்ன செய்வது?

சித்தூர்_லைன்வீடு:
தெரு முனையில் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குகிற கொட்டகை. பிள்ளைகள் அந்த மண்ணில்தான் விளையாடுகிறார்கள். இரண்டு வீட்டில் அப்பாவுக்கே அங்கேதான் வேலை. முதலில் எதைச் செய்வது? ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ரசம் வைக்கிற ஈயச் சொம்பையும் விட்டுவிட வேண்டுமா?

ஈரத்துணி:
முதலில் அப்பாக்களின் உடுப்பு, அக்கா. சட்டை, செருப்பு, தலைமுடி வழியாகத்தான் தூசி வீட்டுக்குள் வரும். கொட்டகையிலேயே குளித்து, வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு வரட்டும். வேலைத்துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பிள்ளையைத் தூக்கலாம். வீட்டுக்குள் விளக்குமாறு வேண்டாம், தூசி எழும்பிச் சோற்றில் படியும். இரண்டு வாளி: ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்று துணி அலச. தரை, ஜன்னல் விளிம்பு, வாசற்படி மூன்றையும் துடையுங்கள். சாப்பிடும் முன் கைக்கு சோப்புதான். சானிட்டைசர் ஈயத்தை எடுக்காது.

லேப்_மேசை:
விரலில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டும். கை நரம்பில் எடுத்த ரத்தத்தைத்தான் நம்பலாம். ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே, எங்கிருந்து வருகிறதென்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 45-ஐத் தொட்டால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து, அதுவும் ஆஸ்பத்திரியில். மருந்து கொடுத்து அதே மண்ணுக்கு அனுப்பினால் மறுபடி ஏறும். ஹீமோகுளோபினும் பாருங்கள், இரும்புச்சத்து குறைந்த பிள்ளையின் குடல் ஈயத்தை அதிகம் உறிஞ்சும். வெறும் வயிற்றிலும் அப்படித்தான், கேழ்வரகுக் கூழாவது குடித்துவிட்டு விளையாடப் போகட்டும். ஓடியாடுகிறதே என்று இருந்துவிடாதீர்கள். வயிற்றுவலி வருவதற்கு வெகு முன்பே படிப்பும் கவனமும் குறையத் தொடங்கிவிடும்.

பாத்திரக்கடைத்_தெரு:
தமிழில் இரண்டையும் ஈயம் என்பதால்தான் குழப்பம். சொம்புக்கு வெள்ளீயம், தெலுங்கில் தகரம். பேட்டரியில் காரீயம், தெலுங்கில் சீசம். சித்தூரில் டாக்டரிடமும் சீசம் என்றே சொல்லுங்கள். சொம்பில் காரீயம் கலந்திருந்தால் புளி அதை ரசத்தில் இறக்கிவிடும். விளிம்பை வெள்ளைத்தாளில் தேய்த்துப் பென்சில் மாதிரி கோடு விழுந்தால் காரீயம் நிறைய இருக்கிறது. கோடு விழாததால் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. பிள்ளை இருக்கிற வீட்டில் எவர்சில்வரில் வையுங்கள்.

சித்தூர்_லைன்வீடு:
விளையாடுகிற இடத்து மண்ணை வழித்து எடுத்துவிடலாமா?

ஈரத்துணி:
காய்ந்த மண்ணில் மண்வெட்டி போடாதீர்கள். நனைத்து, மேலே சிமெண்ட் போடுங்கள். முடியாவிட்டால் வேறிடத்து மண்ணை அரையடி கொட்டி இடித்து இறுக்குங்கள். கொட்டகை ஓடுகிறவரை மேலே ஈயத்தூசி புதிதாகப் படியும். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி மறுசுழற்சி செய்பவர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று கேட்டுத் தெரு மொத்தமும் கையெழுத்துப் போட்டு மனு கொடுங்கள். பிள்ளைகளின் ரத்த ரிப்போர்ட் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.