பிஷ்ணுபூர் கோயில்கள்: சாமி எங்கே போச்சு?

கரக்பூர்வாசி:

மேற்கு வங்காளம் பாங்குரா மாவட்டத்து பிஷ்ணுபூருக்குப் போய்வந்த நம் ஆட்கள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான். கோயில் பிரமாதம், உள்ளே சாமி இல்லை. என் அம்மாவும் அதையேதான் கேட்டார். ரயிலடியில் வாங்கிய சாமந்திச் சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ராஸ்மஞ்சா, ஷ்யாம் ராய், ஜோர் பாங்களா என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். எங்கும் வெறும் இருட்டறை. பூவை எங்கே சாத்துவது?

ராஸ்மஞ்சா விஷயத்தில் அது நியாயமான கேள்வி இல்லை. இந்த ஊரை ஆண்ட மல்ல வம்சத்து மன்னர் பீர் ஹம்பீர் 1600இல் கட்டிய அந்த இடத்தில் நிரந்தரமாகச் சாமி குடியிருந்ததே இல்லை. ராஸ் திருவிழாவின்போது ஊர்க் கோயில்களின் ராதா கிருஷ்ணர்கள் எல்லாரும் அங்கே வந்து எழுந்தருளுவார்கள், சனம் சுற்றிவந்து சேவிக்கும். 1932 வரை இது நடந்திருக்கிறது. கீழே செம்புறைக்கல் மேடை, மேலே செங்கல் கட்டடம், படிப்படியாகக் குறுகிப்போகும் கூரை, உள்ளே ஒன்றைச் சுற்றி ஒன்றாகத் தாழ்வாரங்கள். காலை வெயில் வளைவுகளுக்குள் சாய்ந்து விழும்போது போங்கள். மதியம் போனால் ஒன்றும் தெரியாது.

ஷ்யாம் ராய் வேறு சங்கதி. 1643இல் ரகுநாத் சிங் கட்டியது. ஐந்து சிகரம். நாலு பக்கச் சுவரிலும், உள் சுவரிலும், வளைவுக்கு அடியிலும்கூட, சுடுமண் சிற்பம் இல்லாத இடம் தேடிப் பிடிக்க வேண்டும். நடுவில் கிருஷ்ணன், சுற்றிக் கோபியர் என்று வட்டம் வட்டமாக ஒரு ராசமண்டலம் இருக்கிறது. அதன் முன்னால் மட்டும் வெகுநேரம் நின்றேன். பொதுவாகப் பாறை கிடைக்காத வங்காளத்து வண்டல் பூமியில் களிமண்ணைத் தகடாக்கிச் செதுக்கிச் சுட்டுப் பதித்திருக்கிறார்கள். இத்தனைக்கும் பிஷ்ணுபூர்ப் பக்கம் செம்புறைக்கல் உண்டு. லால்ஜி, ராதா ஷ்யாம் கோயில்கள் எல்லாம் அந்தக் கல்லில்தான். ஆனால் அந்தக் கல் சொரசொரப்பு, நுணுக்க வேலைக்கு ஒத்துவராது. மேலே சுதை பூசித்தான் உருவம் எடுத்திருக்கிறார்கள். அதில் பாதி உதிர்ந்துபோயிற்று. சுட்ட மண்தான் இன்னும் நிற்கிறது.

1655இன் ஜோர் பாங்களா, இரண்டு ஓலைக்குடிசையை ஒட்டி நிறுத்தி நடுவில் ஒரு சின்னக் கோபுரத்தை வைத்த மாதிரி. மழைத்தண்ணீர் வழிந்தோட மூங்கிலை வளைத்துக் கூரை போடும் வங்காளத்து வீட்டை அப்படியே செங்கல்லில் எடுத்திருக்கிறார்கள். சுவரில் அம்புப் படுக்கையில் பீஷ்மர். கீழ் வரிசைகளில் வேட்டை, படகு, படகில் துப்பாக்கி பிடித்த ஆட்கள். புராணம் மேலே, ஊர் நடப்பு கீழே.

அங்கேதான் ஒரு காவலாளிப் பெரியவர் அம்மாவின் கைப்பூவைப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளிக்கு ஏற்ற மாதிரி மெதுவாகச் சொன்னார்: "மா, டாகூர் வீடு மாறிப் போயிட்டார். இதெல்லாம் அவரோட பழைய வீடு." டாகூர் என்றால் இங்கே சாமி. எங்கள் டோட்டோக்காரரை (டோட்டோ என்றால் பேட்டரி ரிக்‌ஷா) கூப்பிட்டு ராதா ஷ்யாம் கோயிலுக்கு அழைத்துப் போகச் சொன்னதும் அவர்தான். 1758இல் சைதன்ய சிங் கட்டிய கோயில் அது. உள்ளே பூஜை நடந்துகொண்டிருந்தது, ஒன்றுக்கு மேற்பட்ட திருமேனிகள். அம்மா சரத்தைக் கொடுத்துவிட்டு, "இப்பதான் கோயிலுக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார்.

உங்களுக்கு அங்கே கிடைத்த அனுபவங்களையும் சொல்லுங்கள்.

சால்ட் லேக் மாமி:

தம்பி, சாமி வீடு மாறின கதையில் பெரிய கதை மதன் மோகன் என்கிற கிருஷ்ணனுடையது. பிஷ்ணுபூரில் அவர் கோயிலுக்குச் சாயங்காலம் போனோம். 1694 என்று தொல்லியல் துறை பலகை சொல்கிறது. மல்லர்களுக்குத் தனி ஆண்டுக்கணக்கு, அதில் அது சரியாக ஆயிரமாவது ஆண்டு. துர்ஜன் சிங் கட்டியது. இங்கே இன்றைக்கும் பூஜை உண்டு.

ஆரத்தி முடிந்து அர்ச்சகர் எங்களை உட்காரவைத்துக் கதை சொன்னார். 1742இல் மராட்டியப் படை பாஸ்கர் பண்டிட் தலைமையில் ஊரை வளைத்துக்கொண்டது. மன்னர் கோபால் சிங் சண்டைக்குப் போகாமல் எல்லாரையும் நாமசங்கீர்த்தனம் செய்யச் சொல்லிவிட்டார். ராத்திரி பீரங்கி தானாக வெடித்தது, படை ஓடிற்று. விடிந்து பார்த்தால் மதன் மோகன் கையில் வெடிமருந்துக் கரி! சொல்லும்போது தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார், நேற்று நடந்த மாதிரி. அந்த தள்மாதள் பீரங்கி இன்னும் ஊரில் இருக்கிறது, 12 அடிக்கு மேல் நீளம். இத்தனை மழையில் நின்றும் துரு பிடிக்கவில்லை.

இதே கோபால் சிங்தான் குடிகள் எல்லாரும் சாயங்காலமானால் ஜபமாலை உருட்டியாக வேண்டும் என்று சட்டம் போட்டவர். சனங்கள் அதற்கு "கோபால் சிங்கின் வெட்டிவேலை" என்று பெயர் வைத்துவிட்டார்கள், இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அந்த மன்னரைவிட அந்தக் குடிமக்களைத்தான் பிடித்தது.

இவ்வளவு செய்த சாமியை அடுத்து வந்த சைதன்ய சிங் பணமுடையில் கல்கத்தா பாக்பஜாரில் உப்பு வியாபாரி கோகுல் மித்ராவிடம் அடகு வைத்தார். மீட்கப் போனபோது மித்ரா அதே மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்தனுப்பினார் என்று கதை. எது அசல் என்று இரண்டு ஊரிலும் கேட்டிருக்கிறேன். இரண்டு ஊரும் தங்களுடையதுதான் என்கிறது. பாக்பஜார் மதன் மோகனை அன்னகூடத்தன்று பார்த்தால் அடகுச் சாமி மாதிரியே இருக்காது, அவ்வளவு சாதம் குவித்திருப்பார்கள்.

திருச்சிக்காரன்:

மாமி, அருமை. ஸ்ரீரங்கத்துத் தொடர்பை யாரும் சொல்லவில்லையே!

பீர் ஹம்பீர் முதலில் வைணவர் இல்லை. பிருந்தாவனத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்த பெட்டியைப் புதையல் என்று நினைத்து அவர் ஆட்கள் கொள்ளையடித்தார்கள். திறந்தால் ஓலைச்சுவடிகள், கௌடீய வைணவ (வங்காளத்து மகான் சைதன்யர் வழி வைணவம்) நூல்கள். அவற்றைத் தேடிக்கொண்டு அரண்மனைக்கு வந்த ஸ்ரீநிவாச ஆசார்யர் பாகவதம் சொல்ல, மன்னர் அவர் காலில் விழுந்தார். பிஷ்ணுபூர் கிருஷ்ணன் கோயில்கள் அத்தனைக்கும் விதை அந்தக் கொள்ளைதான். அந்த ஸ்ரீநிவாசருக்கு தீட்சை கொடுத்தவர் கோபால பட்டர். அவர் ஸ்ரீரங்கத்து வேங்கட பட்டரின் பிள்ளை. சைதன்யர் தெற்கே வந்தபோது சாதுர்மாஸ்யம் நாலு மாதமும் தங்கியது அவர்கள் வீட்டில்தான் என்பது கௌடீய மரபு.

ஜோர் பாங்களாவில் ஒரு வங்காளிக் குடும்பம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டது. ஸ்ரீரங்கம் பக்கம் என்றேன். அந்தப் பாட்டி பையிலிருந்து ஒரு சந்தேஷ் இனிப்பை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, "அப்படியானால் நீ எங்கள் குருவின் ஊர்" என்றார். பேரன்களுக்கே புரியவில்லை. அவருக்கு அந்தப் பரம்பரை மனப்பாடம்.

புஜா கூட்டத்தில் ஒருவன்:

நீங்கள் எல்லாரும் கிருஷ்ணனிலேயே நிற்கிறீர்கள். ஊருக்கு மூத்தவள் துர்கையான மிருண்மயி. 997இல் ஜகத் மல்லர் பிரதிஷ்டை செய்ததாக ஊர் வரலாறு. கோயில் கட்டடம் புதிது, சிற்பம் கிற்பம் எதிர்பார்க்காதீர்கள். துர்கா பூஜை இங்கே மற்ற ஊர்களுக்குப் பதினைந்து நாள் முன்னாலேயே ஆரம்பம். பௌஜ்தார் குடும்பத்தார் துணியில் ஓவியமாக எழுதிய மூன்று டாகுராணிகள் (அம்மன்கள்) ஒருவர்பின் ஒருவராக வருவார்கள். அஷ்டமி, நவமி சந்தியில் பக்கத்து மேட்டில் பீரங்கி வெடிக்கும். சுடுவதற்கு முன்னால் அவ்வளவு பெரிய கூட்டம் வாயை மூடிக்கொண்டு நின்றது. வெடித்ததும் என் பக்கத்தில் இருந்த பெரியம்மா என் காதைப் பொத்தினார், தன் காதை விட்டுவிட்டு.

அதே பௌஜ்தார்கள் தசாவதாரச் சீட்டும் செய்கிறார்கள். வட்டச் சீட்டு, ஒரு கட்டுக்கு 120. ஆட யாருக்கும் தெரியாது, வாங்க ஆள் உண்டு.

புதியவன்:

வைணவம், சாக்தம் எல்லாம் சரி. ஒரே நாளில் பார்க்க முடியுமா? எப்படிப் போவது?

கரக்பூர்வாசி:

திருச்சிக்காரரே, ஸ்ரீரங்கத்துக் கதை எனக்குப் புதிது. அம்மாவிடம் சொன்னேன், உடனே இன்னொரு முறை போகலாம் என்கிறார்.

புதியவரே, ஓடிப்போய் ஓடிவந்தால் ஒரே நாளில் முடியும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மதன் மோகன் ஆரத்தி சாயங்காலம்தான், ராத்திரி தங்குங்கள். கொல்கத்தாவிலிருந்து ரூபஸி பாங்களா, ஆரண்யக் ரயில்கள் உண்டு, மூன்றரை நாலு மணி நேரம். ஸ்டேஷனில் டோட்டோ பேசிக்கொள்ளலாம். ராஸ்மஞ்சாவில் எடுக்கும் டிக்கெட்டே ஷ்யாம் ராய்க்கும் ஜோர் பாங்களாவுக்கும் செல்லும், கசக்கிப் போட்டுவிடாதீர்கள். சனிக்கிழமை போனால் ஜோர் மந்திர் பக்கம் கைவினைச் சந்தை. பாஞ்ச்முரா கிராமத்து மண்குதிரை அங்கேயே கிடைக்கும். கோயில் சிற்பங்களை முந்தானையில் நெய்யும் பாலுச்சரி பட்டுப்புடவை வாங்குவதாக இருந்தால் கோயிலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், முந்தானையில் இருப்பது எந்தச் சுவர் என்று உங்களுக்கே தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு ஆலு போஸ்தோவும் (உருளைக்கிழங்கு கசகசாக் கறி) உளுந்தம்பருப்பும் கேளுங்கள். கசகசா தாராளமாக அரைத்து ஊற்றுவார்கள், அப்புறம் கண் சொருகும். ஷ்யாம் ராயை அதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.